நெல் அறுக்கும் மெஷினுக்குப் பின்னால் ஓடிய பந்தயம்

அனுக்ரஹா முதல் கேள்வியைக் கேட்டதும் வெங்கடேஸ்வரி மைக் செட் கடை வாசலுக்கு வந்தாள். எதிர்க் கடைக்கு இரண்டு டீ சொன்னாள்.

“நம்ம பக்கத்துல குதிரைப் பந்தயம் எந்த வருஷம் ஆரம்பிச்சுதுன்னு தெரியுமாக்கா?” என்பதுதான் கேள்வி. டீ வந்தது. மேலே படிந்த பாலாடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு வெங்கடேஸ்வரி திருப்பிக் கேட்டாள்.

“ஒங்களுக்கு எந்த வருஷம் வேணும்?”

“எனக்கு வேணுங்கறது இல்லக்கா. நெஜமா எந்த வருஷம்னு…”

“நெசமாவா? நெசத்தக் கேட்டு எங்கிட்ட வந்த மொத ஆளு நீங்கதான். வாரவிய எல்லாம் ‘வெங்காயம் நேத்துதான் லாரில எறங்குச்சுன்னு மைக்குல சொல்லுங்கக்கா’ம்பாவ. நானும் சொல்லுவேன். என்னைக்கு எறங்குச்சுன்னு அந்த வெங்காயத்துக்குத்தான் தெரியும்.”

“சரி, யார் முதல்ல ஓட்டினாங்கன்னாவது…”

“அது லேசு. தளவாய்புரத்துல போய்க் கேளுங்க, எங்க தாத்தா குதிரதான் மொதல்ல வந்துச்சும்பாவ. ஆலங்குளத்துல கேட்டா எங்க தாத்தா குதிரம்பாவ. வத்ராப்புலயும் அதே கததான். ரெண்டாவதா வந்த குதிரைக்கு இந்த ஜில்லாவுலயே வாரிசு கெடையாது.”

சிரிப்பை வாயால் விடாமல் மூக்கால் விடுவது அனுக்ரஹாவின் பழக்கம். டீ குடிக்கும்போது அது ஒத்துவரவில்லை. அவள் துடைத்து முடிக்கும்வரை வெங்கடேஸ்வரி காத்திருந்தாள்.

“எங்கப்பா சீனிச்சாமி ஒண்ணு சொல்லுவாரு. அந்தக் காலத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடியில குதிரவண்டி நிக்கும். ரயில்ல வந்த சனத்த ஏத்திக்கிட்டு ஆண்டாள் கோயிலுக்குப் போவாவ. எவன் மொதல்ல கோயில் வாசல்ல எறக்குதானோ அவந்தான் திரும்பி வந்து அடுத்த சவாரி புடிப்பான். அதனால வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுவாவ. உள்ள உக்காந்திருக்க சனம் ‘நாராயணா, நாராயணா’ன்னு கத்துமாம். ஆஹா, எம்புட்டு பக்தின்னு நெனச்சு இவிய இன்னும் வெரட்டுவாவளாம். அதுதான் பந்தயத்துக்கே ஆரம்பம்.”

“இது நெஜமாக்கா?”

“எங்கப்பா பட்டாளத்துல இருந்தவரு. பொய் சொல்லமாட்டாரு. பனிமலையில கரடிக்குக் கைகுடுத்தேன்னும் சொல்லிருக்காரு.”

அனுக்ரஹா பேனாவை மூடினாள்.

“வரலாறு வேணும்னா ஞாயித்துக்கெழம வ. புதுப்பட்டிக்கு வாங்க. கோயில் பொங்கலுக்குக் குதிரவண்டிப் பந்தயம் வச்சிருக்காவ. ஜீப்புல ஏறிக்கோங்க. மைக்கு நான்தான்” என்றாள் வெங்கடேஸ்வரி. பிறகு குரலை இறக்கி, “மொத தடவ” என்றாள். 

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்காரர்கள் சிலர் விழா மலர் ஒன்று போட நினைத்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதக்கூடிய பெண், அதிகம் பேசாது, சொன்னால் செய்யும் என்று அனுக்ரஹாவைப் பிடித்து, ஊரின் வரலாற்றையும் குதிரைப் பந்தயத்தையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்காகத்தான் அவள் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு, பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால், பந்தயங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற அந்த மைக் செட் கடைக்கு வந்தாள்.

வந்த இடத்தில் அவளை ஆச்சரியப்படுத்தியது, அந்தக் குரலை அவள் சிறு வயதிலிருந்தே அறிவாள் என்பதுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தளவாய்புரம் என்று எந்தத் தெருவிலும் காலையில் வருகிற வெங்காய வண்டியில் பேசுவது வெங்கடேஸ்வரி. உப்பு விற்பது அவள். பழைய இரும்பு, ஈயம், பித்தளை கேட்பது அவள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் தெருக்களுக்கென்று ‘வாங்கம்மா வாங்க’ என்பதற்கு “ரண்டம்மா ரண்டி” என்று கடைசியில் தனியாக ஒரு வரி சேர்ப்பாள். ஒருநாள் அவள் அம்மா இருளம்மாள் வீட்டு வாசலில் தக்காளி வண்டி வந்து நிற்க, இருளம்மாள் வண்டியின் ஒலிபெருக்கிக் குழாயைப் பார்த்து, “ஏட்டி, பெத்தவளுக்கே இந்த வெலையா?” என்று சண்டை போட்டது அந்தத் தெருவில் இன்றும் பேச்சு.

மைக் செட் வெங்கடேஸ்வரியின் கணவன் பாண்டிச்செல்வத்துடையது. எந்தப் பொட்டலில் எத்தனை குழாய் கட்டினால் எத்தனை ஊருக்குக் கேட்கும் என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனியில். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் “ஹலோ, செக், ஒன், டூ” என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ‘டூ’வைத் தாண்டி அவள் கேட்டதில்லை. ஒருமுறை யாரோ ஆட்டைத் தொலைத்துவிட்டு அறிவிக்கச் சொல்லி வந்து நிற்க, இவன் ‘டூ’வோடு நிற்க, வெங்கடேஸ்வரி மைக்கைப் பிடுங்கி ஆட்டின் அங்க அடையாளங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆடு கிடைத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

ஆட்டிலிருந்து வெங்காயம், வெங்காயத்திலிருந்து ஜவுளிக்கடை. ஆனால் எல்லாமே பதிவு செய்து வைத்த பேச்சு. “அதுல ஒரு கொறை பாத்துக்கோங்க” என்று அவள் அனுக்ரஹாவிடம் சொன்னாள். “பேசும்போதே முடிவு தெரிஞ்சுபோயிரும். பந்தயத்துல அப்படியில்ல. யாரு வருவான்னு பேசுதவளுக்கே தெரியாது. அத ஒருக்கா பேசிப் பாக்கணும்.”

பந்தயக் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் லேசில் அசையவில்லை. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். “பொம்பளக் குரலுக்குக் குதிர ஓடுமாம்மா?” என்றார். “குதிர எங்க அண்ணாச்சி மைக்கக் கேட்டு ஓடுது? சனத்துக்குத்தானே மைக்கு” என்றாள் இவள். வழக்கமாகப் பேசுகிறவர் பேரன் காதுகுத்துக்குத் திருப்பூர் போய்விட்டதால் வேறு வழியில்லாமல் அவர் இறங்கி வந்தார். இந்த ஒரு பந்தயம் பேசலாம். நல்லபடியாகப் போனால் இந்த வருஷத்துப் பந்தயங்கள் அத்தனைக்கும் மைக் அவளுக்கு. ஏதாவது ஏடாகூடமானால் வெங்காயத்தோடு நின்றுகொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேற்கு மலையில் மேகம் தொப்பி வைத்திருந்தது. அனுக்ரஹாவோடு அவள் தம்பி ஜனார்த்தனும் வந்திருந்தான். அவனை எல்லைக்கோட்டுப் பக்கம் நிறுத்திவிட்டு அவள், வண்டிகளுக்கு முன்னால் போகிற ஜீப்பில் ஏறினாள். ஓட்டுவது பாண்டிச்செல்வம். பின்னால் வண்டிகளைப் பார்க்கிற மாதிரித் திரும்பி உட்கார்ந்து வெங்கடேஸ்வரி போனில் பேச, அது எல்லைக்கோட்டில் ஆம்ப்ளிஃபயரோடு பிணைத்திருந்த இன்னொரு போனுக்குப் போய், அங்கிருந்து தென்னை, புளி என்று டிரான்ஸ்ஃபார்மர் தவிர மற்ற எல்லாவற்றிலும் கட்டியிருந்த குழாய்களில் முழங்கும். அங்கே கூட்டம் போடும் சத்தமும் இவள் காதுக்குத் திரும்பி வரும். பாண்டிச்செல்வத்தின் ஏற்பாடு.

புறப்படும் முன் சௌந்தரபாண்டியன் ஜீப்புக்குள் தலையை நீட்டினார். “இங்க பாரும்மா. மைக்கு ஓயவே கூடாது. ஓய்ஞ்சா என்னமோ ஆயிருச்சுன்னு சனம் ரோட்டுக்கு வந்துரும். குதிரைக்கு பிரேக் கெடையாது. உசுரே போனாலும் பேசிக்கிட்டே இரு.”

“சரி அண்ணாச்சி.”

கொடி இறங்கியது. வண்டிகள் தூள்பறக்கக் கிளம்பின. முன்னால் இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வந்தன: தளவாய்புரம் சுயம்புலிங்கத்தின் செவலையும் ஆலங்குளம் கௌதம்ராஜின் வெள்ளையும். சுயம்புலிங்கம் தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவன். கௌதம்ராஜுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. இருவரும் தங்கள் குதிரையைத் தாங்களே ஓட்டினார்கள்.

வெங்கடேஸ்வரி முதல் மூச்சில் தடுமாறினாள். இரண்டாவது மூச்சில் குதிரைகளோடு சேர்ந்துகொண்டாள். “அடேயப்பா! செவலையின் காதைப் பாருங்கள், பின்னுக்கு மடிந்துவிட்டது! வெள்ளை விடுமா? விடாது! ஆலங்குளத்துச் சிமெண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது!” கூட்டத்தின் ஓங்காரம் போன் வழியாகத் திரும்பி வந்து ஜீப்புக்குள் நிறைந்தது. அவள் கண்கள் பளபளத்தன. அனுக்ரஹா ஜீப்பின் கம்பியைப் பிடித்திருந்தாள். தன் வாயிலிருந்து “போ, போ” என்று சத்தம் வருவது அவளுக்குச் செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

போய்த் திரும்பும் இடத்தில், திரும்பியதற்கு அடையாளமாகக் கொடியை வாங்கிக்கொண்டு வண்டிகள் திரும்பின. வெள்ளை ஒரு தலை முன்னால் இருந்தது. ஜீப்பும் திரும்பி, ஓரமாக அவற்றைத் தாண்டி முன்னால் போயிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வயலுக்குள்ளிருந்து நெல் அறுக்கும் மெஷின் ஒன்று ரோட்டில் ஏறியது.

ரோடு முழுக்க அதுதான். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் வாய்க்கால். பந்தய வண்டிகள் எல்லாம் முன்னால் போய்விட்டன. ஜீப்புக்கு முன்னால் ஆடி அசைந்து போனது மெஷினின் முதுகும் அதிலிருந்து பறந்த வைக்கோலும்தான். பாண்டிச்செல்வம் ஹாரன் அடித்தான். மெஷின் ஓட்டியவன், பந்தயத்துக்குத் தன்னையும் உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினான்.

வெங்கடேஸ்வரி வாயைத் திறந்தபடி இருந்தாள். ஒரு நொடி மைக் ஓய்ந்தது. அந்த ஒரு நொடியிலேயே போனில் கூட்டத்தின் சத்தம் மாறியது. “என்னலே ஆச்சு?” என்று யாரோ கத்துவதும், “ரோட்டுக்குப் போகாதீய, போகாதீய!” என்று சௌந்தரபாண்டியன் விசில் ஊதுவதும் கேட்டது.

அவள் பேசிவிட்டாள்.

“வந்துகொண்டே இருக்கின்றன! வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன!” அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் எவ்வளவு நேரம் அதையே சொல்ல முடியும்? “வெள்ளை முன்னால்! செவலை பின்னால்!” என்றாள். கூட்டம் ஓவென்றது. அவள் கன்னத்தில் ரத்தம் ஏறுவது அனுக்ரஹாவுக்குத் தெரிந்தது. “வெள்ளை காற்றைக் கிழிக்கிறது!” என்றாள். இன்னும் பெரிய ஓ.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வைக்கோல் தலையெல்லாம் அப்பியிருக்க, கண்ணை மூடிக்கொண்டு, கையை வீசி, அவள் ஒரு முழுப் பந்தயத்தையும் ஓட்டினாள். வெள்ளையைப் பறக்கவிட்டாள். நடுவில் மூச்சு வாங்க இடம் வேண்டுமென்று ரயிலடிக் குதிரை வண்டிகளைக் கொண்டுவந்தாள், “நாராயணா” என்று கத்திய சனத்தைக் கொண்டுவந்தாள், அந்த ரயிலடிக் குதிரைகளின் வம்சத்தில் வந்ததுதான் இந்த வெள்ளை என்றாள். எவ்வளவு வேகத்திலும் அவள் யாரையும் கவிழ்க்கவில்லை. குதிரைக்கு ஒரு காயம்கூடப் படவிடவில்லை. ஆனால் செவலை ஏன் பின்தங்கியது என்பதற்குக் காரணம் வேண்டுமே? “அடடா, செவலை நின்றுவிட்டது! கண்மாய்த் தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டது! குடிக்கிறது ஐயா, குடிக்கிறது! சுயம்புலிங்கம் கெஞ்சுகிறார்! செவலை, ‘இரு, தாகம் தீரட்டும்’ என்கிறது!”

“அக்கா, அது தண்ணி குடிக்கலையேக்கா” என்றாள் அனுக்ரஹா மெதுவாக.

வெங்கடேஸ்வரி போனைக் கையால் பொத்திக்கொண்டு, “ஒனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்தியா? ஏட்டி, நெசமா என்ன நடக்குன்னு யாருகிட்டயாவது கேளு, சீக்கிரம்!” என்றாள். அதுவரை ‘நீங்க’ என்றிருந்தவள், அங்கேதான் ‘ஏட்டி’க்கு இறங்கினாள்.

அனுக்ரஹா தன் போனில் ஜனார்த்தனை அழைத்தாள். “டேய், அங்க யாரு முன்னால வரா?”

“வெள்ளைதான்க்கா! பின்னுது! செவல கண்மாய்ல தண்ணி குடிக்குதாம்!”

“யார் சொன்னா?”

“மைக்ல சொல்றாங்கக்கா! காதுல விழலியா ஒனக்கு?”

அனுக்ரஹா போனை அணைத்துவிட்டு, அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் வாயாலேயே விட்டாள். குப்புற விழுந்து சிரித்தாள். பாண்டிச்செல்வம் ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டிச் சிரித்தான். வெங்கடேஸ்வரி சிரிக்கவில்லை. அவளுக்குச் செவலையைத் தண்ணீரிலிருந்து கரையேற்றும் வேலை இருந்தது.

எல்லைக்கோட்டில் நடந்ததை ஜனார்த்தன் பிறகு நடித்துக் காட்டினான். ஆலங்குளத்துக்காரர்கள் வெடியைக் கொளுத்திவிட்டார்கள். மாலையைப் பிரித்துவிட்டார்கள். சுயம்புலிங்கத்தின் அம்மா கருத்தம்மா, “வீட்டுலயே தண்ணி காட்டிக் கூட்டிட்டுப் போடான்னு தலையால அடிச்சுக்கிட்டேனே” என்று முந்தானையை உதறிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். எல்லாரும் அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வியர்த்து விறுவிறுத்து, செவலை முதலாவதாக வந்து கோட்டைத் தாண்டியது. கோட்டில் நின்ற கொடிக்காரரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

சுயம்புலிங்கம் வண்டியிலேயே எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினான். கைதட்டல் இல்லை. தலைக்கு மேலிருந்த குழாயில், அவன் இன்னும் கண்மாயில் நின்று குதிரையைக் கெஞ்சிக்கொண்டிருந்தான். கையை இறக்கிவிட்டு அவனும் அண்ணாந்து கேட்டான். “ஏலே, யாருலே அந்தக் கேனப்பய?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். “நீதாண்ணே” என்றான் அவன்.

மெஷின் ஒருவழியாக வேறொரு வயலுக்குள் இறங்க, ஜீப் வந்து சேர்ந்தது. வெங்கடேஸ்வரி இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைக்குப் போட்ட மாலையை கௌதம்ராஜ் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சௌந்தரபாண்டியனின் மீசை துடித்தது.

“மைக்க வச்சிட்டு எறங்கும்மா. வெங்காயத்துக்கே போ.”

“நீங்கதானே அண்ணாச்சி ஓயக் கூடாதுன்னீய?”

“பேசத்தானே சொன்னேன்? பந்தயத்தையே நடத்தச் சொன்னேனா?”

அவள் போனைச் சீட்டில் வைத்தாள். முகம் சுருங்கிப் போனது. தலையிலிருந்த வைக்கோலைக்கூட அவள் எடுக்கவில்லை. அனுக்ரஹா அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் சுயம்புலிங்கம்.

“அண்ணாச்சி, செத்த இருங்க. மைக்க வாங்காதீய. நான் செயிச்சத ஒரு பயலும் பாக்கல. கேக்கவும் இல்ல. எங்காத்தா கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா. எனக்கு எம்பந்தயம் வேணும். திரும்புன எடத்துலருந்து மறுபடி பேசச் சொல்லுங்க.”

“முடிஞ்ச பந்தயத்த எப்படிலே பேசுதது?”

“நடக்காதத அம்புட்டு அழகாப் பேசுச்சே அந்த அக்கா. நடந்ததப் பேசாதா?”

கூட்டத்திலிருந்து “பேசட்டும்! பேசட்டும்!” என்று குரல் எழுந்தது. சௌந்தரபாண்டியன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பாண்டிச்செல்வம் மைக்கை நீட்டி, “ஹலோ, செக், ஒன், டூ” என்றான்.

சுயம்புலிங்கம் ஒரு பக்கம் நின்று காதில் சொன்னான். கௌதம்ராஜ் மறுபக்கம் நின்று, “பொய் சொல்லுதான், பாலத்துல நான்தான் முன்னால” என்று திருத்தினான். “ஆமா, பாலத்துல அவந்தான்” என்று இவன் ஒப்புக்கொண்டான். வெங்கடேஸ்வரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் வரிகள் ஒட்டாமல் வந்தன. பாலம் தாண்டியதும் குரல் பிடித்துக்கொண்டது. செவலை உள்பக்கமாக நுழைந்ததைச் சொன்னாள். சக்கரமும் சக்கரமும் உரசிப் பொறி பறந்ததைச் சொன்னாள். வெள்ளை விடாமல் கடைசிவரை ஒட்டி வந்ததையும் சொன்னாள். சனம் தன்னை அறியாமல் கயிற்றுக்குப் பின்னால் ஒதுங்கி, வெறும் ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து கருத்தம்மா முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். செவலை இப்போதுதான் நிஜமாகவே ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. “இதோ! இதோ! கோடு! செவலை!” என்று அவள் முடித்தபோது எழுந்த சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் கிளம்பிவிட்டன. சுயம்புலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு கையையும் மறுபடி தூக்கினான். கௌதம்ராஜ் தன் கையிலிருந்த மாலையைச் செவலையின் கழுத்தில் போட்டான். வேறு யாருக்குப் போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சௌந்தரபாண்டியன் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். அப்புறம், “மைக்கு ஒனக்குத்தாம்மா” என்றார். “ஆனா ஒரு கண்டிஷன். பொய் சொல்லத் தெரியாத ஆளு ஒண்ணு ஒம் பக்கத்துல உக்காரணும். அப்படி ஆளு கெடைக்கலைன்னா வராத.”

ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்து அனுக்ரஹாவையும் ஜனார்த்தனையும் இறக்கிவிட்டது. வழியெல்லாம் வெங்கடேஸ்வரி வாய் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை என்று பாண்டிச்செல்வம் கண்ணாடி வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தான். தேரடியில் அனுக்ரஹா இறங்கியதும் அவளும் கூடவே இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, நீ எங்கூட வரணும். இந்த வருஷம் எல்லாப் பந்தயத்துக்கும். ஒட்டி உக்காந்துக்கோ. நான் இல்லாதத ஒரு வார்த்த சொன்னாலும் தொடையில நறுக்குன்னு கிள்ளிரு, கோவிச்சுக்கிட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன்.” சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் குரலை இறக்கினாள். “சனம் கத்தி முடிச்ச பொறவு கிள்ளு.”